பூஜைக்கு வைத்த தீயணைப்பு சிலிண்டர்கள்

எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்ன எழுத என்றேன். பார்த்த வேலையை எழுதுங்கள் என்றார். அது முடியும்.

எழுத ஒப்புக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இப்போது கடைகளையும் கிடங்குகளையும் பல இடங்களில் யாரும் நேரில் போய்ப் பார்ப்பதில்லை. கடைக்காரரே போனில் படம் எடுத்து அனுப்புகிறார். சுவரில் சிலிண்டர் தொங்குவதாக ஒரு படம். பின்கதவு திறந்திருப்பதாக ஒரு படம். இன்சூரன்ஸ் பாலிசி புதுப்பித்து வந்துவிடுகிறது. படத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். படம் எடுத்த ஆளுக்குப் பின்னால் என்ன கிடக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலையாக இருந்தது.

என் பெயர் சுடலைமுத்து. பிறந்தது மலையாள மண்ணில், மட்டாஞ்சேரி. அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்தவர். நான் சிலிண்டர் தூக்கினேன். கேஸ் சிலிண்டர் இல்லை, சிவப்பாகச் சுவரில் தொங்குமே, தீயணைப்பு சிலிண்டர்.

வேலை கற்றுக்கொண்ட கதை சின்னது. வர்கீஸ் சார் ஒரு சிறிய கம்பெனி வைத்திருந்தார். இன்சூரன்ஸ் ஆபீசர் பார்வையிட வருவதற்கு முன்னால் கடைக்காரர்கள் அவரைக் கூப்பிடுவார்கள். இது இது சரியில்லை, இதை இப்படி மாற்றுங்கள் என்று அவர் சொல்வார். சிலிண்டர்களைச் சரி பார்ப்பது என் பாடு. அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா. எடை குறைந்திருக்கிறதா. மூக்கில் குளவி கூடு கட்டியிருக்கிறதா. கட்டியிருக்கும். பிறகு தலைகீழாகப் பிடித்து ரப்பர் சுத்தியால் அடியில் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் உள்ளே பவுடர் கெட்டியாகிக் கல்லாகிவிடும். அவசரத்துக்கு அமுக்கினால் ஒரு பெருமூச்சு வரும், அவ்வளவுதான். தட்டி, புது சீல் போட்டு, அட்டை கட்டி, மாட்ட வேண்டும். இதைக் கற்க ஒரு மழைக்காலம் ஆனது. மீதி வருஷங்கள் எல்லாம் சாரைப் பார்த்துக் கற்றதுதான்.

சார் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் வணக்கம் சொல்ல மாட்டார். மேலே பார்ப்பார், ஒயர் எப்படிப் போகிறது என்று. கீழே பார்ப்பார், வழியில் என்ன கிடக்கிறது என்று. திரும்பிப் பார்ப்பார், வெளியே போக இன்னொரு கதவு உண்டா என்று. அதற்குப் பிறகுதான் எதிரே கும்பிட்டுக்கொண்டு நிற்கும் ஆளைப் பார்ப்பார். அதற்குள் அந்த ஆளுக்குக் கை வலித்திருக்கும்.

உட்கார்ந்தால் வாசலை ஒட்டித்தான் உட்காருவார். சொந்த மகள் கல்யாணத்திலும் அப்படித்தான். மேடைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் போட்டோக்காரர் களைத்துப் போனார்.

யார் வீட்டிலும் சாயா குடிப்பதற்கு முன் அடுக்களைக்குப் போய் அடுப்பு ட்யூபைத் திருப்பித் தேதி பார்ப்பார். தேதி கழிந்திருந்தால் குடிக்க மாட்டார். திட்டவும் மாட்டார். கிளாசை மேசையில் அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். திருப்பூணித்துறையில் ஒரு அம்மாவுக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது. மறுநாளே புது ட்யூப் வாங்கி மாட்டி, ஆபீசுக்கு போன் போட்டு, "சாயா இட்டு வெச்சிட்டுண்டு, உடனே வரணும்" என்றார். பஸ் பிடித்துப் போய்க் குடித்துவிட்டு வந்தோம். சர்க்கரை அதிகம். சார் மிச்சம் வைக்கவில்லை. ட்யூப் நல்ல ட்யூப்.

சார் யாரோடும் வாக்குவாதம் செய்து நான் பார்த்ததில்லை. அவரிடம் ஒரு பரீட்சை இருந்தது. இங்கே பிராட்வேயில் ஒரு ஜவுளிக்கடை. முதலாளி மதுரைக்காரர். நடக்கிற வழி முழுக்கப் பண்டல். மாடிப்படி முழுக்க அட்டைப்பெட்டி.

"எத்ர வருஷமாயி கடை?" என்று சார் கேட்டார்.

"அப்பா காலத்துக் கடை சார். கண்ணைக் கட்டி விட்டாலும் நடப்பேன்."

சார் பையிலிருந்து ஒரு பெரிய கைக்குட்டையை எடுத்தார். எல்லாரும் இதே வார்த்தையைத்தான் சொல்வார்கள். அதற்கென்றே துவைத்து மடித்து வைத்திருப்பார். முதலாளியைக் கடையின் கடைசி மூலைக்குக் கூட்டிப் போய்க் கண்ணைக் கட்டினார். "புகை வந்தால் இங்ஙனதான் இருக்கும். ஒண்ணும் காணாது. வாசலுக்கு வாங்க" என்றார்.

முதலாளி இரண்டடி தைரியமாக வைத்தார். மூன்றாவதில் பண்டல் தடுக்கியது. விழாமல் இருக்கப் பக்கத்தில் இருந்ததைக் கட்டிப் பிடித்தார். சுடிதார் போட்ட பொம்மை.

"யாரும்மா அது, குறுக்க நிக்கிற? தள்ளு!"

விற்பனைப் பெண்கள் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டார்கள். முதலாளி பொம்மையைச் சுற்றிக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டு, ஒரு கதவைக் கண்டுபிடித்து, சந்தோஷமாக உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். துணி போட்டுப் பார்க்கிற அறை அது. சார் கதவைத் தட்டி, "தீ பிடிச்சால் முதலாளி இவிடெ கண்ணாடி நோக்கி நிக்கும்" என்றார். அடுத்த வாரம் போனபோது வழி வெறிச்சென்று இருந்தது. பொம்மைகூட ஓரமாகப் போயிருந்தது.

இந்தப் பரீட்சையை வீட்டிலும் செய்து பார்க்கலாம். பிள்ளைகளுக்கு விளையாட்டு. நமக்குத்தான் கட்டில் காலில் முட்டிக்கொள்ளும்போது புத்தி வரும்.

மட்டாஞ்சேரிக்கு வருகிறேன். இங்கே பழைய கிடங்குகளைப் பாண்டிகசாலை என்பார்கள். முன்வாசல் ரோட்டில், பின்வாசல் காயல் தண்ணீரில். உள்ளே மிளகு, சுக்கு, ஜாதிக்காய். எலிக்காகப் பூனை வளர்ப்பார்கள். தீக்காக மணல் வாளி வைப்பார்கள். பூனைகளுக்கு மணல் வாளி மிகவும் சௌகரியம். நான் மணல் மாற்றும் நாளில் வரிசையாக உட்கார்ந்து பார்க்கும். தங்களுக்காகத்தான் இந்த ஆள் மாசாமாசம் வருகிறான் என்று அவற்றுக்கு நினைப்பு.

அப்படி ஒரு சுக்குப் பாண்டிகசாலையில்தான் என் வேலைக்காலத்தின் பெரிய சோதனை வந்தது. முதலாளி குஜராத்திக்காரர், மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிறவர். சூப்பர்வைசர் கோபாலன் சேட்டன், பூஜை, நேரம், சகுனம் எல்லாவற்றிலும் கறார். சுக்கு தரம் பிரிக்கும் பெண்களுக்குத் தலைவி சுபைதா இத்தா. நம் தமிழ் ராவுத்தர் குடும்பம். வாய் அதிகம், கை அதைவிட வேகம்.

அந்த வருஷம் பாலிசி முடிகிற நேரம். இரண்டு தெரு தள்ளி ஒரு கிடங்கில் தீப்பிடித்திருந்ததால் இன்சூரன்ஸ் கம்பெனி கடுமையாகிவிட்டது. மும்பையிலிருந்து ஆபீசர் ஒருவர் நேரில் வந்து பார்த்தால்தான் புதுப்பிப்பார்கள். பாலிசி இல்லையென்றால் சரக்கின் மேல் பாங்க் கடன் தராது. கடன் இல்லாமல் முதலாளியால் சீசனுக்குச் சுக்கு வாங்க முடியாது. வாங்க முடியாவிட்டால் என்ன செய்வது என்று அவர் முன்பே யோசித்துவிட்டார். இடத்தை வாடகைக்குக் கேட்டு ஒரு ஆள் நடந்துகொண்டிருந்தான். காப்பிக் கடை வைக்க. இந்தத் தெருவில் பாதிக் கிடங்கு அப்படித்தான் போனது.

சுபைதா இத்தா என்னிடம் சொன்னார்: "அண்ணே, இந்த இடம் காப்பிக் கடை ஆச்சுன்னா வெள்ளக்காரன் வந்து அந்த முத்தத்துல உக்காந்து காப்பி குடிப்பான். சுக்கு வாசம் நல்லாருக்குன்னு சொல்லுவான். சுக்கு பொறுக்குனவ எங்க போனான்னு ஒருத்தன் கேப்பானா?"

நாங்கள் ஒரு மாதம் பாடுபட்டோம். ஒயர் மாற்றினோம். பின்கதவைத் திறந்தோம். முதலாளி மனமில்லாமல் புது சிலிண்டர்கள் வாங்கிப் போட்டார். பள பளவென்று சிவப்பு. அந்தக் கிடங்கிலேயே புதுப் பொருள் அவைதான். எல்லாரையும் முற்றத்தில் உட்கார வைத்து சார் வகுப்பு எடுத்தார். எல்லாம் தயார்.

ஆபீசர் வரும் நாளைத் தெரிவித்தார். அது நவமி. ஆயுத பூஜை நாள். மும்பைக்காரருக்கு இங்கத்து முறை தெரியாது. முதலாளியும் வேண்டாம் என்று சொல்லப் பயந்தார்.

இங்கே அஷ்டமி சாயங்காலம் வேலைச் சாமான்களை எல்லாம் சாமி முன்னால் பூஜைக்கு வைத்துவிடுவார்கள். விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை தொடக்கூடாது. நான் சொல்ல வேண்டியதில்லை, நம் வீடுகளிலும் அதுதான். என் ஸ்பேனரும் ரப்பர் சுத்தியும் வீட்டில் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நான் அன்றைக்கு வெறுங்கையோடுதான் போனேன். வேலை இல்லாத நாளானாலும் இத்தாவும் பெண்களும் முற்றத்தில் வந்து காத்திருந்தார்கள்.

ஆபீசர் வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல வியர்வை. உள்ளே நுழைந்ததும் சார் வழக்கம்போல மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சுவரில் கொக்கிகள் மட்டும் இருந்தன.

"கோபாலா, சிலிண்டர் எவிடெ?"

"உண்டு சாரே. பத்திரமாயிட்டு உண்டு."

கோபாலன் சேட்டன் பெருமையாக மூலையைக் காட்டினார். சுக்கு மூட்டை அடுக்குக்குப் பக்கத்தில் சரஸ்வதி படம். படத்துக்கு முன்னால் தராசு, கொக்கி, சாக்குத் தைக்கும் ஊசி. அவற்றுக்கு நடுவில், எல்லாச் சிலிண்டர்களும். ஒவ்வொன்றின் வயிற்றிலும் சந்தனம், குங்குமம். மூக்கிலும் ஒரு பொட்டு. உருண்டுவிடாமல் இருக்க எல்லாவற்றின் கழுத்தையும் ஒரே பூமாலையால் சேர்த்துக் கட்டியிருந்தார். மேலே கலர் பேப்பர் தோரணம். முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஆபீசர் நெடுநேரம் பார்த்தார். பிறகு இந்தியில் ஏதோ கேட்டார். முதலாளி மொழிபெயர்த்தார். "ஒண்ணு எடுத்து அடிச்சுக் காட்டச் சொல்லுறாரு."

"நாளைக்குக் காலத்தே எடுப்பு. அது கழிஞ்ஞு எத்ர வேணுமெங்கிலும் அடிக்கலாம்" என்றார் கோபாலன் சேட்டன்.

"இன்னிக்குத் தீப்பிடிச்சா என்ன செய்வீங்கன்னு கேக்குறாரு."

"இன்னிக்கு வேலையில்லல்லோ முதலாளி. வேலையில்லாத்த திவசம் தீ எங்ஙனெ வரும்?"

இதை முதலாளி எப்படி மொழிபெயர்த்தார் என்று தெரியாது. நீளமாகச் சொன்னார். ஆபீசர் முகம் மாறவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். முதலாளிக்கு அதுதான் கண்ணில் பட்டது. மனிதர் வியர்க்கிறார், கோபமாகிவிடப் போகிறார் என்று ஓடிப் போய் ஆபீஸ் அறையிலிருந்த மேசை விசிறியைத் தூக்கி வந்து, ஆபீசரைப் பார்த்து வைத்து, சுவிட்சைப் போட்டார்.

சார், "விசிறி..." என்று வாயைத் திறந்தார். விசிறி தலையை மெதுவாகத் திருப்பி சரஸ்வதியைப் பார்த்தது. தோரணம் பறந்து விளக்கில் விழுந்தது.

கலர் பேப்பர் எரிவதற்கு நேரம் எடுக்காது. அது பூமாலை மேல் விழுந்து, கீழே விரித்திருந்த வாழையிலைக்கு அடியிலிருந்த பழைய பேப்பரைப் பிடித்து, மூட்டை அடுக்கின் ஓரத்தை நக்க ஆரம்பித்தது. இத்தனை வருஷத்தில் தீயணைப்பு சிலிண்டர்களுக்கே தீப்பிடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் பாய்ந்து போய் ஒரு சிலிண்டரின் கழுத்தைப் பிடித்தேன்.

"தொடவேண்டா அண்ணாச்சி! எடுப்பு கழிஞ்ஞில்லா!" கோபாலன் சேட்டன் என் இடுப்பைப் பிடித்தார். ஒரு கை என் இடுப்பில். இன்னொரு கையில் போன். "திருமேனியை விளிக்கலாம். அனுமதி வாங்கிட்டு எடுக்கலாம். ஒரு நிமிஷம்!"

நவமியன்று கோயில் பூசாரியான திருமேனியின் போன் கிடைக்குமா? பிஸி.

நான் அவரையும் இழுத்துக்கொண்டு சிலிண்டரை இழுத்தேன். ஒன்று வரவில்லை. எல்லாம் சேர்ந்து வந்தன. மாலையின் வாழைநாரைச் சிலிண்டர்களின் பூட்டுப் பின்னுக்குள் விட்டுக் கட்டியிருந்தார். நல்ல முடிச்சு. மூட்டை தைத்துப் பழகிய கை.

"இத்தா! தொட நிங்ஙளுக்குத் தடை இல்லல்லோ! நிங்ஙள் எடுக்கு!" என்று கத்தினார் கோபாலன் சேட்டன்.

"நானா? இன்னிக்கு எடுன்னுவீங்க, நாளைக்கு இத்தா தொட்டுட்டான்னுவீங்க. தள்ளுங்க சேட்டா!"

குரல் முற்றத்திலிருந்து வந்தது. இஞ்சி கழுவும் தொட்டியில் சாக்கை முக்கி எடுத்துக்கொண்டு சுபைதா இத்தா உள்ளே வந்தார். சாக்கின் மேல் விளிம்பை மடக்கித் தன் இரண்டு கையையும் மறைத்துப் பிடித்திருந்தார். முகத்துக்கு முன்னால் தட்டி மாதிரி. வாய் நிற்கவில்லை. வகுப்பில் சார் சொன்னதை சார் குரலிலேயே சொல்லிக்கொண்டு வந்தார்: "கை மறைக்கணும். தன் பக்கத்துல இருந்து மூடணும். மூடியால் பின்னெ பொக்கி நோக்கண்டா!" மூடிவிட்டால் பிறகு தூக்கிப் பார்க்கக் கூடாது என்று.

மூட்டைப் பக்கம் முதல் சாக்கு. ஒருத்தி நனைத்து நீட்டிய இரண்டாவது, சரஸ்வதிக்கு முன்னால். உஸ்ஸென்று ஒரு சத்தம். சாம்பல் புகை. இன்னொருத்தி ஓடிப் போய் விசிறியை நிறுத்தினாள். முடிந்தது.

கோபாலன் சேட்டன் என் இடுப்பை விட்டார். "ஐயோ, விளக்கும் அணைஞ்ஞு போயி" என்றார்.

"விளக்கை மறுபடி ஏத்திக்கலாம். வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க" என்றார் இத்தா. படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தன் முந்தானையால் அதன் கண்ணாடியைத் துடைத்து நேராக வைத்தார். பிறகுதான் ஆபீசரைப் பார்த்தார். வெள்ளைச் சட்டையில் கரித்துகள். இத்தா போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, காப்பிக் கடைதான்" என்றார் என்னிடம்.

ஆபீசர் சாக்கின் பக்கத்தில் குனிந்து பார்த்தார். தூக்கிப் பார்க்கப் போனார். இத்தா படியிலிருந்தே, "பொக்கி நோக்கண்டா!" என்று அதட்டினார். முதலாளி மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஆபீசர் கையை எடுத்துக்கொண்டார்.

பிறகு முதலாளி மூலமாகக் கேட்டார். இந்த அம்மாவுக்கு யார் பயிற்சி கொடுத்தது?

"ஞான்" என்றார் சார்.

ஆபீசர் கோபாலன் சேட்டனைக் காட்டினார். இவருக்கு?

சார் கொஞ்சம் யோசித்தார். "அதும் ஞான்தான்."

ஆபீசர் ரயில் டிக்கெட்டை மாற்றிக்கொண்டார். நாளைக் காலை வருகிறேன் என்று மட்டும் சொல்லிப் போனார்.

விஜயதசமி காலையில் திருமேனியே நேரில் வந்து பூஜை எடுத்துக் கொடுத்தார். நடந்ததைக் கேட்டு, "தீ கத்தும்போள் என்னெ விளிக்கணோ? வெள்ளம் ஒழிக்கண்டே?" என்று கோபாலன் சேட்டனை எல்லார் முன்னாலும் திட்டினார். தீ எரியும்போது என்னைக் கூப்பிடுவதா, தண்ணீர் ஊற்றுவதா என்று. நான் ஒரு ஈர்க்குச்சியை வைத்து எல்லாச் சிலிண்டர் மூக்கிலிருந்தும் காய்ந்த சந்தனத்தைக் குத்தி எடுத்தேன். குளவிக் கூட்டைவிடக் கெட்டி.

காயல் பக்கத்து முற்றத்தில் பாதி டிரம்மில் தீ மூட்டினோம். ஆபீசர் விரலை நீட்டினார். கோபாலன் சேட்டனை நோக்கி. அந்த ஆள் தவறினால் எல்லாம் போச்சு. இத்தா முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் மற்றப் பெண்கள்.

கோபாலன் சேட்டன் சிலிண்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னை உருவினார். தீயின் அடியைப் பார்த்துப் பிடித்தார். அமுக்கினார். பக்கவாட்டில் ஆட்டினார். எல்லாம் பாடம் சொன்னபடி. காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க மட்டும் மறந்தார். காயல் காற்று பவுடரில் பாதியை எங்கள் மேலேயே திருப்பி அனுப்பியது. தீ அணைந்தது. புகை போனபோது கோபாலன் சேட்டன் மாவில் புரட்டிய வாழைக்காய் மாதிரி நின்றார். ஆபீசருக்கு மீசை நரைத்துவிட்டது.

ஆபீசர்தான் முதலில் சிரித்தார். அதற்குப் பிறகு எல்லாரும் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை. வாசல் பக்கம் போய் உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். பவுடராக இருக்கும்.

பாலிசி புதுப்பித்து வந்தது. ஒரு நிபந்தனை சேர்த்திருந்தார்கள். தீ அணைக்கவும் பழுது பார்க்கவும் தவிர, வேறெந்தக் காரணத்துக்காகவும் சிலிண்டரைச் சுவரிலிருந்து எடுக்கக்கூடாது. முதலாளி அதை வாசித்துச் சொன்னதும் கோபாலன் சேட்டன் வாடிப் போனார். நான் ஒரு பழைய காலி சிலிண்டரைக் கொண்டு போய்க் கொடுத்தேன், பூஜைக்கென்றே. அதற்கு மட்டும் சந்தனம் பூசிக்கொள்ளலாம்.

காப்பிக் கடைக்காரன் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்விட்டான். அடுத்த வருஷம் அஷ்டமி சாயங்காலம் சுவர்ச் சிலிண்டர்கள் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கப் போனேன். முற்றம் நிறையச் சுக்கு. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சிலிண்டர்கள் எல்லாம் சுவரில். காலி சிலிண்டர் மட்டும் சரஸ்வதிக்கு முன்னால்.

உள்ளே சண்டைச் சத்தம். கோபாலன் சேட்டன் ஒரு நனைந்த சாக்கின் ஒரு முனையைப் பிடித்து இழுக்கிறார். மறுமுனையைச் சுபைதா இத்தா விடவில்லை.

"இதல்லே இத்தா நம்மளெ காத்தது? இதுக்கல்லே முதல்ல பூஜை வேண்டது?" அவர் கையில் சந்தனக் கிண்ணம்.

இத்தா ஒரே இழுப்பில் பிடுங்கித் தொட்டிக்குள் போட்டு அமுக்கினார்.

"பூஜைக்கு வேற சாக்கு பாருங்க சேட்டா. இது டூட்டியில இருக்கு."